டோக்கன் நம்பர் 2417

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் கல்லூரி நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். சனிக்கிழமை கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்க்கத்தான் போனேன். டைப் அடித்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்கள் டீம் ஜெயித்த ஆறு ஆட்டங்களின் புள்ளிகளும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன, சென்டர் பார்வர்டு எல். மனோகரன் உண்மையான மாணவர் அல்ல என்று புகார் வந்திருக்கிறது, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்பத்தூரில் லீக் கமிட்டியின் விசாரணை.

மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை எழுத்தே தெரியவில்லை. சைக்கிள் கையை விட்டுச் சரிந்து கீழே விழுந்ததுகூட, பக்கத்தில் நின்ற பையன் அதைத் தூக்கி நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெயர் துலுக்கானம். எங்கள் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் கழனியில் நாற்று நட்ட குடும்பம். எனக்கு ஆவடி பேக்டரியில் டூல் ரூமில் பிட்டர் வேலை கிடைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எழுபத்தேழில் ஒருநாள் கல்லூரி மைதானத்தின் குறுக்கே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். பன்னிரண்டு வருஷமாக இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

"நீ படிச்ச காலேஜா, உம் புள்ள படிக்கிற காலேஜா? இன்னாத்துக்குயா இப்டித் தொண்டையக் கிழிச்சிக்கினு வர்ற?" என்று என் மனைவி பார்வதம் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். எண்பத்து நாலில் ஆப் சைடு கொடுத்த ரெபரியின் விசிலைப் பிடுங்கி வீசியதற்காக என்னை ஒரு சீசன் முழுக்க மைதானத்துக்குள் விடவில்லை. தண்ணீர் டாங்க் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்தும் ஒரு தடவைகூட லீக் கோப்பை எங்களுக்கு வரவில்லை. ஒருமுறை மூன்றாவது இடம், அவ்வளவுதான். அந்தக் கோப்பையை எங்கள் பையன்கள் தூக்குவதைப் பார்க்காமல் கட்டை வேகாது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

இந்த வருஷம் ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. முதல் ஆட்டம் கொட்டுகிற மழையில் ஒன்றுக்கு சைபர். மூன்றாவது ஆட்டத்தில் ஹாப் டைமில் சைபருக்கு இரண்டு என்று கிடந்தோம். பாதி ஜனம் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் இருபது நிமிஷத்தில் மனோகரன் மூன்று கோல் அடித்தான். அன்றைக்கு என் செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஆறு ஆட்டத்தில் பதினோரு கோல் அவனுடையது. சனிக்கிழமை ஒரு டிரா செய்தால்கூடப் போதும், கோப்பை எங்களுக்கு.

மனோகரன் எங்கள் டூல் ரூமில் டர்னராக இருக்கும் லட்சுமணனின் பையன். குவார்ட்டர்ஸ் சுவரில் பந்தை உதைத்து உதைத்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தவன். பி.காம். இரண்டாம் வருஷம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவன் செய்த தப்புகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுப்பேன். ஜெயித்த ஆட்டத்துக்கும் உண்டு. சிரித்துக்கொண்டே அதை ஸ்டாக்கிங்கில் செருகிக்கொள்வான். "ஒரு மேட்ச்சாவது தப்பே இல்லாம ஆடி உங்கள ஏமாத்தணும் மாமா" என்பான்.

அப்பேர்ப்பட்ட பையனை மாணவனே இல்லை என்றால் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று, புகார் கொடுத்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். "இன்னா ஜென்மம்டா அது. மைதானத்துல ஜெயிக்கத் துப்பில்ல, காயிதத்துல ஜெயிக்க வந்துட்டான்" என்று கத்தினேன். அதே வேகத்தில் பி.டி. மாஸ்டர் பார்த்தசாரதியின் அறைக்குள் நுழைந்தேன். டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். மேசையில் கையூன்றித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க துலுக்கானம்" என்று சொல்லி ஒரு போட்டோவைத் தள்ளினார்.

நவம்பரில் எங்கள் பேக்டரியில் நடந்த செக்ஷன்களுக்கான போட்டியில் டூல் ரூம் ஜெயித்தபோது எடுத்தது. பதினோரு பேர், நடுவில் ஷீல்டு. ஒவ்வொரு ஆளுக்குக் கீழேயும் பெயரும் டோக்கன் நம்பரும் அச்சாகியிருந்தது. ஷீல்டைப் பிடித்துக்கொண்டு மனோகரன் சிரித்தான். அவனுக்குக் கீழே, லட்சுமணன், டோக்கன் நம்பர் 2417.

எங்கள் பேக்டரியில் இது ஒரு பழக்கம். கேட்டில் நுழைய ஒவ்வொருவனுக்கும் பித்தளை டோக்கன் உண்டு. செக்ஷன் போட்டி நடப்பது பேக்டரிக்குள் இருக்கும் மைதானத்தில், வேலை செய்பவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஆனால் வேலை செய்பவனுக்கெல்லாம் தொப்பை. அதனால் அப்பன் டோக்கனில் பிள்ளை ஆடுவான். போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை கேட்டில் டோக்கனைக் காட்டினால் போதும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லா செக்ஷனிலும் செய்வார்கள், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். தப்பு என்று ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. டூல் ரூம் டீமுக்கு நான்தான் மேனேஜர். லட்சுமணனிடம் டோக்கனைக் கேட்டு வாங்கி மனோகரனிடம் கொடுத்தவனும் நான்தான். எங்கள் செக்ஷன் சட்டையில் அவனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

"லட்சுமணன்ங்கற பேர்ல பேக்டரியில சம்பளம் வாங்கறான், மனோகரன்ங்கற பேர்ல இங்க பந்து ஆடறான். அதான் புகார்" என்றார் மாஸ்டர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் இது. லட்சுமணனுக்கு வயசு அம்பத்தி நாலு. குனிஞ்சா ஷூ லேஸ் தெரியாது. நான் இட்டுகினு வந்து நிறுத்தறேன், பாத்துட்டுப் போவட்டும்."

"நிறுத்தினா, அப்ப போட்டோல இருக்கறது யாருன்னு கேப்பாங்க. மகன்னா, அப்பா டோக்கன்ல எப்படி உள்ள வந்தான்னு கேப்பாங்க. நாம இல்லன்னு சொன்னா, கமிட்டி உங்க பேக்டரிக்கே லெட்டர் போட்டு விசாரிக்கும். அது ராணுவத் தொழிற்சாலை. வெளியாள் உள்ள வந்தான்னு எழுத்துல போனா என்ன ஆகும்னு என்னவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தெரியும். டோக்கனைக் கொடுத்தவனுக்கு வேலை போகும்.

"சனிக்கிழமை ஆடப்போற எதிர் டீம் கையில இந்தப் போட்டோ எப்படிப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் போட்டோவைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது: எங்க டூல் ரூம் சிங்கம். டோக்கன் 2417.

என் கையெழுத்து.

பத்து நாள் முன்னால் பூந்தமல்லி மைதானத்தில் ஐந்தாவது ஆட்டம். என் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். மனோகரன் கோல் அடித்ததும் கையைத் தட்டினார். யார் இந்தப் பையன் என்று கேட்டார். கேட்க வேண்டுமா என்னை? அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்த போட்டோவை எடுத்துக் காட்டினேன். "எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார். "வெச்சிக்கோ நைனா, ஊட்ல இன்னொண்ணு கீது" என்று சொல்லி, அவர் பேனாவையே வாங்கிப் பின்னால் எழுதியும் கொடுத்தேன். எதிர் டீமின் ஆளும் எங்கள் கோலுக்குக் கைதட்டி நடிப்பான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

"யாரோ உங்க ஆளுங்கதான் குடுத்திருக்காங்க. யார் கையெழுத்துன்னு தெரியுதா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"தெரியலயே சார்" என்றேன்.

மறுநாள் வேலையில் லட்சுமணனின் லேத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். விஷயம் அவர் காதுக்கும் வந்துவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டு, கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார்.

"ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு துலுக்கானம். இந்த நேரத்துல மெமோ வந்தா, குவார்ட்டர்ஸும் போச்சு, பென்ஷனும் போச்சு. பொண்ணுக்கு இப்பதான் வரன் பாக்கறோம்" என்றார். அப்புறம், "இதையெல்லாம் பையன்கிட்ட நான் பேசல. அவன் சனிக்கிழமை ஆடணுமேன்னு மட்டும் பாக்கறேன்" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. டோக்கனைக் கேட்டு வாங்கியவன் நீதானே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நீ ஒண்ணும் கவலப்படாத அண்ணாத்தே. நான் கீறேன். கப்பும் வரும், உனக்கும் ஒண்ணும் ஆவாது" என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். லட்சுமணனுக்குத் தெரியாமல் அவருடைய டோக்கனை லாக்கரிலிருந்து எடுத்தது நான், மனோகரன் கல்லூரி மாணவன்தான், விவரம் தெரியாத பையனை உள்ளே கூட்டிப் போனது என் குற்றம், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதி முடித்ததும் பார்வதத்தைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போட்டோ கொடுத்த கதையையும் சொன்னேன். மாவாட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவாமல் நின்று கேட்டாள்.

"வேல போய்டுமா?" என்றாள்.

"போலாம்."

பன்னிரண்டு வருஷமாக அந்த டீமைக் கரித்துக்கொட்டியவள். இப்போதும் கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"குட்த்துடு. நீ பண்ண கூத்துக்கு அந்த மனுசன் ஏன் நடுத்தெருவுல நிக்கணும்? நான் ரெண்டு ஊட்ல வேல செஞ்சாவது பாத்துக்கறேன். அந்தப் புள்ள ஆடட்டும்" என்றாள்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னை நானே ரொம்பப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்பத்தூர் போனேன். கமிட்டி ஆபீஸ் மாடியில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் இருந்தவர் தலைவர். ஒரு பக்கம் மாஸ்டரும் மனோகரனும். எதிர்ப் பக்கம் மூக்குக்கண்ணாடிக்காரர். என்னைப் பார்த்ததும், பழகிய ஆளைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினார். நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

மாஸ்டர் கல்லூரி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் காட்டினார். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தலைவர் ஒதுக்கி வைத்தார். போட்டோவை எடுத்து மனோகரனிடம் காட்டினார்.

"இது நீதானே?"

"ஆமா சார்."

"கீழ வேற பேர் இருக்கே?"

மனோகரன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். இதுதான் நேரம், எழுந்திரு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தலைவர் சொல்லி முடிக்கட்டும், மரியாதை இல்லாமல் நடுவில் பேசக்கூடாது என்று இன்னொரு குரல் சொன்னது. ரெபரி கையிலிருந்து விசிலைப் பிடுங்கியவன், அப்போது மரியாதை பார்த்தேன்.

"நீ இல்லன்னு சொன்னா இன்னிக்கே பேக்டரிக்கு எழுதி 2417 யாருன்னு கேட்டுடுவோம். ஒத்துக்கிட்டா இதோட முடிஞ்சது, அவங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்ல" என்றார் தலைவர். போட்டோவைத் திருப்பிப் படித்தார். "எங்க டூல் ரூம் சிங்கம். இது யார் எழுதினது?"

மூக்குக்கண்ணாடிக்காரர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கப் போனார். மனோகரன் மேசை மேல் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தான். இரண்டு வருஷமாக என் துண்டுக் காகிதங்களைப் படித்த பையன். ஒரு வினாடிதான் பார்த்தான். தலையைத் தூக்கிப் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. அதிர்ந்துபோயிருந்தான்.

நான் கையைப் பைக்குள் விட்டேன். காகிதம் விரலில் பட்டது.

"நான்தான் சார் எழுதினேன்" என்றான் மனோகரன்.

"அப்ப நீ பேக்டரியில வேலை செய்யறியா?"

"ஆமா சார். லட்சுமணன்ங்கறது நான்தான்."

"டேய்" என்று மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தலைவர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக்காரர், தான் சொல்லவந்ததை அப்படியே விழுங்கிவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆறு வெற்றியும் ரத்து, மனோகரன் இனி எந்தக் கல்லூரி டீமிலும் ஆடக்கூடாது என்று தலைவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் பிடித்திருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் கடிதம் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் மனோகரன் என் பக்கத்தில் வந்து நின்றான். மாஸ்டர் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார்.

"ரொம்ப பயந்துட்டேன் மாமா. நீங்க பையில கைய வெச்சிக்கினே இருந்தீங்க. எழுந்து எதாவது சொல்லிடுவீங்களோன்னு திக்குனு இருந்துச்சு. சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். நல்லவேளை, புரிஞ்சிக்கினு உட்காந்துட்டீங்க" என்றான்.

ஆவடி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். திருமுல்லைவாயல் தாண்டும்போது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இந்த மேட்ச்சுக்குத் தப்பு எழுதித் தரலயா மாமா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு முகத்தை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஆவடி வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோவில்பதாகையில் வீட்டு வாசலிலேயே பார்வதம் நின்றிருந்தாள். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறாளாம். அதைத்தான் முதலில் சொன்னாள். அப்புறம், "குட்த்தியா? இன்னா சொன்னாங்க? புள்ள சனிக்கிழம ஆடறானா?" என்றாள்.

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "எழுந்துக்கத்தான் பாத்தேன் பார்வதம். அதுக்குள்ள அவன் முந்திக்கினான். இல்லாங்காட்டி குட்த்திருப்பேன். சத்தியமா குட்த்திருப்பேன்" என்றேன்.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதுல நீ கையெழுத்தே போடலியேயா" என்றாள்.

நான் பிடுங்கிப் பார்த்தேன். இப்படிக்கு என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.